பவரைக் குறைத்த அண்ணி

அண்ணிக்கு மறுபடியும் வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பாதிதான் உண்மை. "ஒரு மாசம் வாங்கம்மா, பார்க்கலாம்" என்றுதான் கண் டாக்டர் சொல்லியிருந்தார். மாதம் முடிகிற சனிக்கிழமை அவர் வேண்டாம் என்றுவிட்டால் அண்ணி திரும்ப அடுப்படிக்கு வர வேண்டியதுதான். இன்னொரு டாக்டர் வாசலில் போய் நிற்க அவளுக்கு மனசு வராது. அது நாத்தனாரான எனக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணி சென்னைப் பெண். கண்ணுக்குப் பவர் பார்ப்பதற்கென்றே படித்து, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தவள். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற எங்கள் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டியதோடு அது நின்றுபோனது. இரண்டு பிள்ளைகள், அப்புறம் படுத்த படுக்கையான அப்பா. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, நடுவில் நேரம் கிடைத்தால் அண்ணனுக்குத் துணையாகத் தறியில் உட்காருவாள். அப்பா போய்ச் சேர்ந்து, சின்னவன் தானே சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான், பழைய சர்டிபிகேட்டுகளைத் தூசு தட்டி எடுத்தாள். "இனிமே போய் இன்னா பண்ணப் போறா?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இரண்டாயிரம் பிறந்த புதிது. டாக்டர் வாசலில் "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை" என்று பெரிதாகப் போர்டு வைத்திருந்தார். முதல் நாள் வேலை முடிந்து வந்த அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டனை அமுக்குனா அதுவே பவர் சொல்லி சீட்டு துப்புதுமா. அப்புறம் நான் எதுக்கு?"

அடுத்த நாளும் போனாள். அதுதான் அண்ணி. தன்னைவிடப் பாதி வயசுப் பெண்ணிடம் நின்று அந்த மிஷினைக் கற்றுக்கொண்டாள். மறந்துபோனதை எல்லாம் வீட்டில் எங்கள் கண்களில் பழகினாள். சாதம் வடிக்கும்போது என்னை நிற்கவைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவாள். ரெண்டாவது வாரத்தில், "மிஷினு சொல்றது ஆரம்பம்தான், மீதிய நாமதான் கேட்டு சரி பண்ணணும்" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் எங்கள் தெருக்கோடி நெசவாளர் கண் காட்ட வந்தார். சத்தமாகப் பேசுகிறவர். அவர் மெதுவாகப் பேசினால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பழைய பாவு நூல் முடிந்து, புதுப் பாவு பிணைக்க ஆள் வரவில்லை. தறி சும்மா கிடக்கிற நேரத்தில் கண்ணையாவது பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்.

"குனிஞ்சி குனிஞ்சி நெய்ஞ்சி முதுகு போச்சிமா. பவரு பத்தல. ஏத்தி உடு" என்றார்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். கண்ணாடி சரியில்லை என்றால் பவரை ஏற்ற வேண்டும். ஏற்றினால் நல்ல கண்ணாடி, குறைத்தால் ஏமாற்று. அவரும் இதற்கு முன்னால் போன இடத்தில் எல்லாம் கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்டே வந்திருந்தார். அண்ணி சோதித்துப் பார்த்துவிட்டு, இருந்த பவரைக் குறைத்து எழுதிவிட்டாள்!

புதுக் கண்ணாடி வந்தது. தறிதான் சும்மா கிடக்கிறதே, எதில் போட்டுப் பார்ப்பது? அன்றைய பேப்பரை வாங்கி விரித்திருக்கிறார். பொடி எழுத்து மங்கலாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். நேரே வந்து கண்ணாடியை டாக்டர் மேசையில் வைத்தார்.

"புதுசா வந்த அம்மா என் கண்ணுல விளையாடிட்டாங்க டாக்டர்!"

காத்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்ததாம். டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் கூட்டம் பார்க்கிறதே. பழைய பவரையே போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றார். அண்ணி மாட்டேன் என்றாள். "தறியில உக்காந்து பாத்துட்டு அப்புறம் மாத்தலாம் சார்." "சனிக்கிழமைக்குள்ள அவர் வாயால சரின்னு சொல்லட்டும்மா" என்றார் டாக்டர். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். "கேட்டத எழுதிக் குடுத்துட்டுப் போவாம உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வேல? இன்னும் ஒரு வாரம் தள்ளுனா வேல நெலச்சி நிக்கும்!"

"அவரு முதுகு நிக்காதே" என்றாள்.

பிறகு எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். படிக்கிற கண்ணாடி கையில் பிடித்திருக்கும் காகிதத்துக்கு. தறியில் உட்கார்ந்தால் இழை அதைவிடத் தள்ளி இருக்கிறது. பவர் ஏற ஏற, பார்க்கிற பொருள் கிட்டே வர வேண்டும். தறியில் கட்டின துணி கிட்டே வருமா? மனிதன்தான் குனிய வேண்டும். இத்தனை வருஷம் அண்ணன் பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவளுக்கு, அந்தத் தூரம் எவ்வளவு என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் தறியில் புதுப் பாவு ஓட ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணி கிளம்பினாள். சண்டை வந்தால் பதிலுக்குக் கத்த நான் கூடப் போனேன்.

அவர் பழைய கண்ணாடியோடு, மூக்கு துணியில் படுகிற மாதிரி குனிந்து நெய்துகொண்டிருந்தார். கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்த நெசவாளர், "போட மாட்டேன்னு சொன்னா போட மாட்டேன்" என்றார், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அண்ணி நேரே அவர் மனைவியிடம் போனாள். "நீங்க போயி சாப்டுங்கக்கா" என்று அந்த அம்மாவை எழுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கட்டின புடவையோடு அந்த இடத்தில் உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தாள். துணையாள் நாடாவோடு காத்திருக்கும்போது எந்த நெசவாளரால் சும்மா இருக்க முடியும்? அவர் நெய்தார். அண்ணி தள்ளிக் கொடுத்தாள். கொஞ்சம் ஓடியதும், "இப்ப இத போட்டுக்கினு ஓட்டுங்கண்ணா, புடிக்கலன்னா நானே எடுத்துக்கினு போயிடறேன்" என்று கண்ணாடியை நீட்டினாள். முறைத்துக்கொண்டே வாங்கிப் போட்டார்.

ஓட்டினார். அண்ணி அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை, முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது நிமிர்ந்தது. திடீரென்று கையை நிறுத்தி, நெய்து முடித்த இடத்தை விரலால் தொட்டார்.

"அடச்சே! இந்த எழ எப்போ உட்டுப்போச்சி?"

காலையில் பழைய கண்ணாடியோடு, குனிந்த இடம் மட்டும் தெரிய நெய்தது. கரையில் ஒரு இழை விட்டுப்போயிருந்தது.

சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்ற அவர் மனைவி, "நிமிந்து உக்காந்துக்கினு இருக்கியேபா!" என்றார். அதைக் காதில் வாங்காதவர் போல அவர் அண்ணியிடம், "அப்ப பேப்பரு படிக்கறதுக்கு?" என்றார்.

"நீ எப்ப பேப்பர் படிச்ச?" என்றார் அந்த அம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் ஊருக்கு முன்னால் கத்திவிட்டு வந்தவர், அதே ஊருக்கு முன்னால் போய் சரி என்று சொல்வாரா? சனிக்கிழமை காலை முழுக்க அவர் வரவில்லை. வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். கூட்டம் வடிந்திருந்தது. டாக்டர் கைகழுவிக்கொண்டிருந்தார். அண்ணி லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன், வாயால் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவான் என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

வாசலில் சத்தம் கேட்டது. அவர் குரல்தான். பின்னால் எங்கள் தெரு நெசவாளர்கள் ஒரு கும்பலாக நின்றார்கள், எல்லோர் மூக்கிலும் கண்ணாடி.

"டாக்டர், இவங்களுக்கும் பவரு ஏறிப் போயிக்கிது. அந்தம்மாவ குறைக்கச் சொல்லுங்க!" என்றார், அன்றைக்குக் கத்திய அதே குரலில்.

டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? அவங்க ரூமுக்கே போங்க." பிறகு அண்ணியைப் பார்த்து, "திங்கக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்கம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அறை வாசலிலேயே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணி அழவில்லை. முதல் ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, "தறியில எப்படி உக்காருவீங்களோ அப்பிடியே உக்காருங்கண்ணா" என்று சொல்லி, இழை இருக்கிற தூரத்தில் எழுத்து அட்டையைப் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"வெளிச்சத்த மறைக்காத, நவுரு."

நகர்ந்தேன்.