பஸ்ஸுக்கு உயிர் இல்லையாம்

திருநெல்வேலியில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவது நான். தேர்வுத்தாள் திருத்துவது எங்கள் துறையின் மூத்த ஆசிரியர். அரையாண்டுத் தாள்களைக் கொடுத்த அன்று, அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற ஒரு மாணவி தன் தாளோடு என் முன்னால் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

‘கண்ணாடி உடைந்த பஸ்’ என்று தமிழில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பஸ்ஸையும் கண்ணாடியையும் சேர்க்க நடுவில் ஒரு சொல் வேண்டும். அவள் ‘ஹூஸ்’ (whose) என்று எழுதியிருந்தாள். மிகச் சரி. மூத்த ஆசிரியர் அதை அடித்து ‘விச்’ (which) என்று போட்டு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். சரியாக இருந்த வாக்கியத்தைப் பிழையாக்கிவிட்டு, அந்தப் பிழைக்கு அவளைத் தண்டித்திருந்தார்!

ஆசிரியர் அறைக்குப் போய் அவரிடம் கேட்டேன்.

“‘ஹூஸ்’ ஆளுக்கு மட்டுந்தான் வரும் டீச்சர். பஸ்ஸுக்கு உசுரா இருக்கு?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இலக்கணப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினேன். பொருள்களுக்கும் வரும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“எத்தன வருசமா சொல்லிக் குடுக்கேன்! நேத்து வந்த நீங்க எனக்குப் படிச்சுக் குடுக்க வாரீயளோ?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாததைக்கூட மன்னிக்கலாம். கண்ணெதிரே நீட்டிய பக்கத்தைப் பார்க்க மறுப்பதை எப்படி மன்னிப்பது?

முதல்வரிடம் போனேன். அவராவது வாசித்தார்.

“நீங்க சொல்லுததுதான் சரி. ஆனா இந்தப் பிள்ளைக்கு மார்க் போட்டா, இதுவரைக்கும் அடிச்சதுக்கெல்லாம் பதில் சொல்லணும்லா? விட்டுருங்க டீச்சர்.”

வெளியே அவள் காத்திருந்தாள். “இனிமே எப்படி எழுதட்டும் டீச்சர்?”

“சரியா எழுது. மார்க் போனாலும் போகட்டும்” என்றேன். அதைச் சொல்ல வேண்டி வந்ததே என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மறுநாள் வகுப்பில் அந்தப் பாடத்தையே எடுத்தேன். கதவு, குடை, மரம், ஆறு என்று எல்லாவற்றுக்கும் ‘ஹூஸ்’ போட்டு எழுத வைத்தேன். அடுத்த தேர்வில் பாதி வகுப்பு அப்படியே எழுதியது. மூத்த ஆசிரியர் அத்தனை பேர் தாளிலும் அதை அடித்து மதிப்பெண்ணைக் குறைத்தார். பெற்றோர்கள் வந்து கேட்டார்கள். பள்ளி ஒரு முடிவெடுத்தது: என்னை ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்கள்.

அவர் இன்னும் ஒன்பதாம் வகுப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்.