மாட்டை வித்து வாங்கின ரப்பர் பங்கு

கறவை மாட்டை வித்து ரப்பர் பங்கு வாங்கின மகாபுத்திசாலி நான். கழுத்து மணியை மட்டும் கழட்டி வச்சுக்கிட்டேன்; லாபம் வந்ததும் இதைவிட ஒசத்தியா ஒரு மாடு வாங்கிக் கட்டணும்னு நெனப்பு. அந்த மணி இன்னிக்கும் என் மேசையில, காயிதம் பறக்காம உக்காந்திருக்கு. அதைப் பாக்கும்போதெல்லாம் மாட்டை வாங்கின கங்காணி ஞாபகம் வந்துரும்.

கொரியாச் சண்டை ஓஞ்சு ரப்பர் விலை சரிஞ்ச சமயம். இலங்கை மலைநாட்டுல, லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் ஆபீஸ் கிளாக்கர். துரை படிச்சுக் கழிச்ச பேப்பர் சில நாள் பொறுத்து என் கைக்கு வரும். அதுல ஒரு ரப்பர் கம்பெனிப் பங்கு வெறும் இருபது சதம்னு போட்டிருந்துச்சு. ரெண்டு பிளேன்டீ காசுக்குக் கம்பெனி முதலாளி ஆகலாம்! இதுக்குக் கீழ எங்க எறங்கப்போகுதுன்னு மாட்டை எங்க தோட்டத்துல ஆளுகளை வேலை வாங்குற கங்காணிக்கு வித்து, கொழும்புக்குக் காசு அனுப்பினேன். அடுத்த மாசமே பன்னெண்டு சதத்துக்கு எறங்கிருச்சு.

வீட்டுல கைக்குழந்தை. அதனால எங்க மாட்டுப் பாலையே நாங்க காசு குடுத்து வாங்கினோம். விடியக்காலையில போத்தலோட கங்காணி வந்து நிப்பாரு. பெரிய மீசை, சிரிக்காத மூஞ்சி.

"ரப்பர் என்னங்கய்யா சொல்லுது?"ம்பாரு.

"பொறுக்கணும் கங்காணி"ம்பேன்.

"நீங்க பொறுப்பீங்க, புள்ளை பொறுக்குமா?"ன்னு அடுப்படியிலருந்து எங்க வீட்டுக்காரி குரல் வரும்.

மழை பெஞ்சா தோட்டமே சந்தோஷப்படும். கீழ்நாட்டுல ரப்பர் பால்வெட்டு நின்னுருக்குமேன்னு நான் மட்டும் குடைக்குள்ள கவலைப்படுவேன். அதுவரைக்கும் ரப்பர் மரத்தைக் கண்ணால பாத்ததில்ல.

கைக்குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போற வயசாச்சு. ஒருநாள் பேப்பர்ல இருபத்திரெண்டு சதம்! உடனே வித்துட்டேன். காசு வந்ததும் மணியை எடுத்துக்கிட்டு, துரை மாதிரி நடந்து கங்காணி தொழுவத்துக்குப் போனேன். அங்க எங்க மாடு, அதோட மக, மகளுக்கு மக, மூணும் வரிசையா நின்னு அசைபோட்டுக்கிட்டு என்னைப் பாத்துச்சுங்க. இடையில மாட்டு விலையும் ஏறியிருந்துச்சு. எல்லாக் காசையும் குடுத்தேன்; பேத்திக் கன்னுதான் கெடச்சுது. மணியைக் கட்டினா அது கன்னோட முழங்கால்ல இடிச்சுது; திரும்பக் கழட்டிக்கிட்டேன்.

"பாத்தீங்களா கங்காணி, பொறுமையா இருந்ததுக்குப் பலன்!"னு சொன்னேன்.

கங்காணி காசை மடியில முடிஞ்சுக்கிட்டே, கறவைய ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பாத்தாரு.

"அதுவும் இத்தனை வருஷம் பொறுமையாத்தான் இருந்துச்சுங்கய்யா. கூடவே பாலும் குடுத்துச்சு."