நான் திரும்பப் பெற்றுக்கொண்ட சாட்சி

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கும்போது என்னால் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியாமல் போய்விட்டது. கண்ணில் குறை இல்லை. எழுத்து தெரிந்தது. ஆனால் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துபோகும். மூன்றாவது வரியில் தலை வெடிப்பதுபோல வலிக்கும். புத்தகத்தை மூடிவிட்டு அழுதிருக்கிறேன்.

அருமையானவர்களே, என் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் அந்த அழுகை உங்களுக்குப் புரியும். அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததே இல்லை. அம்மா அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிப்பவர். குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கிறதும், வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்கிறதும் நான்தான். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் நான். என் தலை கெட்டுப்போனால் அது எனக்கு மட்டும் கெட்டதாக இருக்காது.

அந்த வருடம் பொங்கல் விடுமுறையில் எங்கள் சபை வாலிபர் சங்கத்தின் கால்பந்து அணி ஒரு போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்திருந்தது. நான் டிஃபென்சில் ஆடினேன். ஒரு கார்னர் கிக்குக்கு நான் துள்ளிச் சாடினேன், எதிரணிக்காரனும் சாடினான். அவன் மண்டை என் நெற்றிப்பொட்டில் மோதியது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது எங்கள் கேப்டன் ஷிபின் முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“லேய், இது எத்தன வெரலு?”

“மூணு.”

“செரியாத்தான் சொல்லுகான். எழும்புல மக்கா, ஆடுவோம்!”

எழும்பி ஆடினேன். நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்த கோல் எப்படி விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது வண்டியில் மூன்று தடவை “ஸ்கோர் என்னல?” என்று கேட்டேனாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் போதகர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். சபையே சத்தமாக ஜெபித்தது. அந்த நேரம் உண்மையாகவே வலி விட்டிருந்தது. சாட்சி நேரத்தில் நான் எழும்பி, “கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்துவிட்டார்” என்று சொன்னேன். கைதட்டல், ஸ்தோத்திரம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் சோறு உண்ணும்போது வலி திரும்ப வந்தது.

இங்கேதான் நான் தவறு செய்தேன். எங்கள் பக்கம் சுகமானதாகச் சாட்சி சொன்னவன் மறுபடி “வலிக்கிறது” என்று வாய் திறக்க மாட்டான். அது அவிசுவாசம், கர்த்தரைப் பொய்யராக்குவது என்று ஒரு பயம். எனக்கும் அந்தப் பயம் பிடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் ஃபேன் சத்தம் தலைக்குள்ளே சுற்றியது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இயற்பியல் வகுப்புத் தேர்வில் தெரிந்த கணக்கைப் பாதியில் விட்டேன். என்றைக்கும் அம்மாவை எதிர்த்துப் பேசாத நான், சாயாவில் சீனி குறைவு என்று கத்தினேன்.

சுகமாகத்தான் இருக்கிறேன் என்று எனக்கே நிரூபிக்க, புதன்கிழமை பயிற்சிக்கும் போனேன். இரண்டு சுற்று ஓடினேன். மைதானம் சுழன்றது. கோல் போஸ்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷிபின் என்னை பைக்கில் உட்கார்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அப்பா கேட்டார்: “ஞாயிறாச்சைக்குப் பெறவு வலிச்சுதா, இல்லியா?”

“இல்லப்பா.”

“எனக்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

நான் பார்க்கவில்லை. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. “ரப்பர் மரத்துல கத்தி ஆழத்துல பட்டா அந்தப் பட்டைய நாங்க கொஞ்ச காலம் தொடமாட்டோம். மரத்துக்குக் குடுக்க மரியாத ஒனக்க மண்டைக்கு இல்லியால?” என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். நவம்பருக்குப் பிறகு எனக்குத் தடுமாறியது. ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா மேடம்?”

“ரத்தக் கசிவு இல்ல, அவ்வளவுதான். மூளை குலுங்கியிருக்கு தம்பி. கன்கஷன்னு சொல்லுவோம். அது ஸ்கேன்ல தெரியாது. அடிபட்ட அன்னைக்கே கிரவுண்ட விட்டு வெளிய வந்திருக்கணும். இது ஆறும் முன்ன இன்னொரு அடி விழுந்திருந்தா...” என்று நிறுத்திக்கொண்டார். “வாந்தி எடுத்த அன்னைக்கே ஏன் வரல்ல?”

“சாட்சி சொல்லிட்டேன் மேடம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நானும் ஜெபிக்கிறவதான். சுகமாயிட்டுன்னு சொல்ல அவ்வளவு என்ன அவசரம்? கர்த்தர் உனக்குக் கெடு வச்சாரா?”

பிறகு பேனாவை எடுத்துச் சீட்டு எழுதினார்.

இரண்டு நாள் ஓய்வு. போன் கூடாது. பிறகு மெதுவாக நடை. பிறகு கொஞ்சம் வாசிப்பு. பள்ளிக்கூடம் முதலில், விளையாட்டு அதற்குப் பிறகு. வலி கூடினால் ஒரு படி கீழே இறங்கணும். வாந்தி நிற்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே வரணும். இப்படிச் சொல்லி அனுப்பினார்.

அந்த இரண்டு நாளும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். பரீட்சை போயிற்று, படிப்பு போயிற்று, நானும் கத்தி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். சுகத்துக்காக ஜெபிக்கக்கூட வெட்கமாக இருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: “ஆண்டவரே, வலிக்குது என்று சொல்ல எனக்குத் தைரியம் தாரும்.” நான் ஜெபித்ததிலேயே சிறிய ஜெபம் அதுதான். ஆனால் கேட்டது கிடைத்தது.

ஞாயிறு சாட்சி நேரத்தில் எழும்பினேன். “போன வாரம் நான் சொன்ன சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் அவசரப்பட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு பொய்யும் சொன்னேன்” என்றேன்.

பின் பெஞ்சில் ஒருவர், “சாட்சியையும் திருப்பி எடுக்க ஆரம்பிச்சாச்சா?” என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அப்போது பெண்கள் பக்கத்தில் அம்மா எழும்பினார். சபையில் ஒரு நாளும் வாய் திறக்காதவர். “பிள்ள உள்ளதச் சொல்லுகான். வலிக்குதுன்னு சொல்லாண்டாம்னா, பின்ன நாம எதுக்கு ஜெபிக்கோம்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

போதகர் பீடத்திலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தார். “தம்பி, தப்பு எனக்கும் உண்டு. ஜெபிச்சுட்டு, டாக்டர்கிட்ட போனியான்னு நானும் கேக்கல்ல. இனி ஒவ்வொரு வாரமும் உள்ளத உள்ளபடி சொல்லு. நாங்க அதுக்குத்தக்க ஜெபிக்கோம்” என்றார்.

அன்றிலிருந்து என் சாட்சிகள் மாறிப்போயின. “இந்த வாரம் கால் மணி நேரம் வாசித்தேன்” என்று சொன்னேன். ஸ்தோத்திரம் என்றது சபை. “அரை நாள் பள்ளிக்கூடம் போனேன்.” ஸ்தோத்திரம். நான் உட்காரும் பக்கத்து ஸ்பீக்கரை யாரோ சொல்லாமலே அணைத்து வைத்தார்கள். அண்டி ஆபீசில் அம்மாவின் கூட்டாளிகள், “இண்ணு எத்தன பக்கம் வாசிச்சான்?” என்று தினமும் கேட்பார்களாம். ஒரு வாரம் ஆர்வக்கோளாறில் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் படித்து, மறுபடி தலைவலி வந்து, ஒரு படி இறங்கினேன். அதையும் போய்ச் சொன்னேன். அதற்கும் ஸ்தோத்திரம்தான்.

பள்ளியில் ஆசிரியர்கள் என்னை ஜன்னல் ஓரத்திலிருந்து மாற்றி உட்காரவைத்தார்கள். செய்முறைத் தேர்வில் கடைசி நாள் குழுவில் சேர்த்தார்கள். என் கண் களைக்கும் நேரத்தில் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டியது யார் தெரியுமா? ஷிபின். அவனும் பன்னிரண்டாம் வகுப்புதான், ஆனால் வேதியியல் புத்தகத்தை அதுவரை பிரித்ததே இல்லை. “லேய், நீ பாஸாவியோ என்னமோ, வாசிச்சு வாசிச்சு நான் பாஸாயிருவேன் போல இருக்கு” என்பான்.

பிப்ரவரி முடிவதற்குள் முழுநாள் வகுப்பில் இருந்தேன். மார்ச்சில் எல்லாப் பரீட்சையும் எழுதினேன். ஒரு பரீட்சையிலும் வலி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பந்து. அதிலும் படிப்படிதான். முதலில் வேக நடை, பிறகு ஓட்டம், பிறகு தனியாகப் பந்துடன், பிறகு மோதல் இல்லாத பயிற்சி. ஒரு படிக்கு ஒரு நாளாவது எடுத்தேன். டாக்டரம்மா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் முழு ஆட்டம். மே மாதம் ஒரு போட்டியில் இறங்கினேன். முதல் பந்தைத் தலையால் தட்டி வெளியே அனுப்பியபோது, வலி இல்லை என்று தெரிந்ததும் மைதானத்திலேயே கை உயர்த்திக் கர்த்தரைத் துதித்தேன். ரெஃப்ரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதே ஆட்டத்தில் எங்கள் அணியில் ஆடிய அபினுக்குத் தலையில் அடி பட்டது. “எனக்கு ஒண்ணும் இல்ல, நான் ஆடுவேன்” என்று அடம்பிடித்தான். ஷிபின் விரல் காட்டவில்லை, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். “இஞ்ச இரில. கப்பு அடுத்த வருசமும் உண்டு. மண்டைக்கு ஸ்பேர் கிடையாது.” வேறு ஆளை இறக்கி ஆடினோம். அந்த ஆட்டத்தையும் ஜெயித்தோம். இம்முறை எல்லா கோலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது!

தேர்வு முடிவு வந்த அன்று காலை அப்பா தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தார். போனில் பார்த்ததும் மேட்டில் ஓடி ஏறினேன். “அப்பா, எல்லாத்துலயும் பாஸ்! காலேஜுக்குப் போகலாம்!” என்று கத்தினேன். அப்பா வாளியைக் கீழே வைத்தார். அவர் முதலில் கேட்டது மார்க்கை இல்லை.

“இவ்ளோ தூரம் ஓடிட்டா வாற? தலை வலிக்கா?”

“இல்லப்பா.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். “செரி” என்று சொல்லிவிட்டு, பால் ஒட்டிய கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அங்கேயே முழங்கால்படியிட்டு நன்றி சொன்னோம்.

இப்போது நான் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். பந்தும் ஆடுகிறேன். இதை வாசிக்கிற வாலிபத் தம்பி, தங்கையே, உனக்கு இன்னும் வலி இருந்தால் இருக்கிறது என்று சொல். வீட்டில் சொல், டாக்டரிடம் சொல், சபையில் எழும்பிச் சொல். பாதி சுகத்தோடு வருகிறவனைக் கர்த்தர் வாசலில் நிறுத்திவைப்பதில்லை. எனக்கு ஒரு நாளில் தராததை அவர் நான்கு மாதத்தில், ஒரு பக்கம் ஒரு பக்கமாகத் தந்தார். உனக்கும் தருவார். அவரை நம்பு, அவசரப்படாதே.