பீச்சாங்கைக் கிட்டார்

போன வாரம் பெரியவனுடைய கூட்டாளி வீட்டுக்கு வந்திருந்தான். சுவரில் மாட்டியிருந்த என் பேஸ் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இதைத் தலைகீழாச் செஞ்சிருக்காங்களே" என்றான். பெரியவன் சிரித்தான். சின்னவள் இடது கையில் பென்சிலைப் பிடித்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. பென்சிலை மெதுவாக வலது கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள், பிள்ளைகளே.

நானும் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரன்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அது பெரிய குறை. இடது கையால் சோற்றைத் தொட்டால் அம்மாவுக்குப் பொறுக்காது. காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது அக்காவிடம் ஒரு பழைய சேலைக் கிழிசலைக் கொடுத்து, "இவன் கையைக் கட்டி வையி, அப்பதான் பழகும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். என்னைப் பார்த்துக்கொள்வதற்காக அவள் பள்ளிக்கூடத்துப் படியே மிதிக்கவில்லை. அம்மா சொன்னபடி கையை இடுப்போடு சேர்த்துக் கட்டுவாள். அம்மா தலை வளைவில் மறைந்ததும் அவிழ்த்துவிடுவாள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குத் திரும்பவும் கட்டிவிடுவாள். கட்டும்போது, "வலிக்குதாடா?" என்று கேட்காமல் ஒரு நாளும் கட்டியதில்லை. பிறகு நான் பள்ளிக்கூடம் போனபோது வாத்தியாரின் ரூல்தடி அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

வளர்ந்து தேயிலைப் பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பதுளைக்குப் போவேன். பஜாரில் ஒரு புடவைக்கடை முதலாளியின் மகன் எனக்குக் கூட்டாளி. அவனிடம் கடையில் வாங்கிய நல்ல கிட்டார் ஒன்று இருந்தது. கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவில் அவனும் இன்னும் இரண்டு பேரும் வாசிப்பார்கள். நான் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பேன்.

அந்த அறைச் சுவர் முழுக்க வெளிநாட்டு வாத்தியக்காரர்களின் படங்கள்தான். அதில் பேஸ் வாசிக்கிறவர்களைத்தான் அவன் முதலில் காட்டுவான். "மூஞ்சிய மறைச்சிட்டுக் கிட்டார மட்டும் காட்டு மச்சான், ஆளு யாருன்னு நான் சொல்றேன்" என்பான். ஒருவனுக்குப் பலகை போல நீண்டது, ஒருவனுக்குக் கொம்பு வைத்தது. ஓர் இசைத்தட்டு உறையில் இருந்த வெள்ளைக்காரப் பையனுக்கு வயலின் போல இடுப்பு ஒடுங்கியது. அந்த வயலின் உருவத்தின் மேல்தான் எங்கள் எல்லோருக்கும் ஆசை.

ஆனால் அப்போது வெளிச்சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். அரிசியே கிடைக்கவில்லை, கிட்டாருக்கு எங்கே போவது? அதனால் அந்த உறையை வாங்கிவந்து எங்கள் தோட்டத்து மர பாஸிடம் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் தச்சரை பாஸ் என்றுதான் சொல்வோம். அவர் தேயிலைப் பெட்டிப் பலகையில் உடலும் பலாக்கட்டையில் கழுத்தும் செய்தார். துரைமாருடைய கிளப்பில் கறையான் தின்று கிடந்த பியானோவிலிருந்து தடித்த கம்பிகளைக் கழற்றிப் பூட்டினார். பழைய டெலிபோன் காந்தத்தில் செப்புக்கம்பி சுற்றி, சத்தம் பிடிக்கிற பாகத்தை ரேடியோ திருத்துகிற ஒருவர் செய்து கொடுத்தார்.

அதை வாசிப்பதற்குப் பேசி வைத்திருந்தது கூட்டாளியின் மச்சினனை. அவன் வந்து கிட்டாரை மாட்டிப் பார்த்தான். குமிழெல்லாம் மேலே நின்றது. தடித்த கம்பி கீழே கிடந்தது.

"என்ன பாஸ், எல்லாம் அந்தப் பக்கமா இருக்கு?"

"படத்துல எப்படியோ அப்படி. ஒரு ஆணிகூட என் இஷ்டத்துக்கு அடிக்கல."

உறையை எடுத்துத் திரும்பப் பார்த்தோம். மற்றவர்களின் கிட்டார்க் கழுத்து ஒரு பக்கம் நீட்டியிருக்க, அந்தப் பையனுடையது மட்டும் எதிர்ப்பக்கம் நீட்டியிருந்தது. கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டான். "அல்லாவே! இத்தன நாளா கிட்டாரத்தான் பாத்தேன், கையப் பாக்கல மச்சான். இவன் பீச்சாங்கைக்காரன்!"

"பேஸ்ல பெழ இருக்கலாம், பாஸ் மேல பெழ இல்ல" என்றார் பாஸ். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "அதான் இங்க ஒருத்தன் நிக்கிறானே, அவன்கிட்டக் குடுங்க" என்றார்.

வாங்கி மாட்டினேன். இடது கை தானாகக் கம்பிக்குப் போனது. யாரும் அதைத் தட்டிவிடவில்லை. அந்தப் பையன் கையையும் அவன் அம்மா கட்டி வைத்திருப்பாளோ என்று அன்றைக்கு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

லயத்தில் கரண்ட் கிடையாது. பேஸ் கிட்டாருக்குச் சத்தப்பெட்டி இல்லாவிட்டால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். ஒரு நாள் கிட்டாரின் தலையை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவைத் தடுத்திருந்த பலகையில் சாய்த்துக்கொண்டு வாசித்தேன். பலகை முழுவதும் 'ம்ம்' என்று அதிர்ந்தது. அந்தப் பக்கம் சமைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்தாள். "டேய், செவுத்துல கைய வச்சாப் பாட்டுத் தெரியுதுடா!" பக்கத்து வீட்டுக்காரி அங்கிருந்தே கத்தினாள்: "அந்தச் சனியன நிப்பாட்டுப்பா, என் தட்டெல்லாம் ஆடுது!"

அதன் பிறகு நான் வாசித்தால் அக்கா பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். கையால்தான் அவள் என் பாட்டைக் கேட்டாள்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை லுணுகலைப் பக்கத்துத் தோட்டம். அவர்கள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போக பாஸ்போட் வந்துவிட்டது. கல்யாணப் பதிவை முதலில் முடித்து அக்கா பெயரையும் அதில் ஏற்றிவிட்டார்கள். கோவிலில் தாலி கட்டி, அந்த வாரமே பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏற வேண்டும். தலைமன்னாரில் கப்பல், அதற்கு அப்புறம் நாங்கள் யாரும் பார்க்காத ஊர். எங்களுக்குப் பாஸ்போட்டும் இல்லை, இந்த நாட்டுப் பிரசாவுரிமையும் இல்லை. போனால் திரும்பப் பார்ப்போமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கல்யாணத்துல சத்தப்பெட்டி வச்சு வாசிப்பியாடா? ஒரு தடவையாச்சும் காதால கேக்கணும்."

வாசிக்கிறேன் என்றேன். அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

கல்யாணத்தன்று பெக்டரியிலிருந்து கரண்ட் லைன் இழுத்து, கோவில் பக்கத்தில் பந்தல் போட்டு, சத்தப்பெட்டி வைத்தோம். பதுளையிலிருந்து கூட்டாளி வந்துவிட்டான். தாலி கட்டி முடிந்ததும் நான் கிட்டாரை மாட்டினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. முகத்தில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

"யாருப்பா இது, பீச்சாங்கையில? மங்கள காரியம் பாருங்க. கடல் தாண்டிப் போற புள்ளைங்க. வேணாமுங்க."

அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார்? "இன்னைக்கி ஒரு நாளு சும்மா இருப்பா" என்றார்.

கூட்டாளி தன் கிட்டாரையும் கழற்றப் போனான். "நீ இல்லாட்டி நானும் இல்ல மச்சான்."

"அக்கா கல்யாணம்டா. வாசி" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு இலை போடப் போனேன். வலது கையால்தான் போட்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது அக்கா என் பக்கத்தில் வந்து, "பாட்டெல்லாம் தகரம் தட்டுற மாதிரி இருந்துச்சு. ஒன் சத்தம் எங்கடா?" என்றாள். நடந்ததை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் என் இடது கையைப் பிடித்து, முன்பு கிழிசல் கட்டிய அந்த மணிக்கட்டைத் தடவிவிட்டுப் போனாள்.

கோச்சி ஏறுகிற நாள் காலையில் பதுளை ஸ்டேசன் நிறைய ஆட்கள். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தவர்களும் இருந்தார்கள். நான் கிட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இதை ஏன்டா இங்க தூக்கிட்டு வந்த?" என்று கேட்டாள். அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

அக்கா சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரில் தாய்மாமன், முதுகைக் கோச்சிப் பெட்டியின் பலகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் சாக்கை எடுத்துவிட்டுக் கிட்டாரை மாட்டினேன். சன்னலுக்குக் கீழே நின்று, அதன் தலையை உள்ளே நீட்டிச் சன்னல் சட்டத்தில் அழுத்தி வைத்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளங்கையைப் பலகையில் பதித்தாள்.

வாசித்தேன். அந்த அழுகைச் சத்தத்தில் எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. விரலுக்கு மட்டும் தெரிந்தது. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

"தெரியுதாக்கா?"

"தெரியுதுடா. நிப்பாட்டாத."

தாய்மாமன் திடுக்கென்று கண்ணைத் திறந்தார். முதுகை நிமிர்த்தி, கையால் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "என்னம்மா, கோச்சி கெளம்பிருச்சா?" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். "இல்லைங்க. இது என் தம்பி" என்றாள்.

அவர் எட்டி, சன்னலுக்கு வெளியே என் கையைப் பார்த்தார். எந்தக் கை என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் சுவரில் வைத்த கையை எடுக்கவில்லை.

அப்போது கோச்சி உண்மையாகவே குலுங்கியது. கிட்டாரை இழுக்க நேரமில்லை. தலை சன்னல் சட்டத்தில் உரசி, வார்னிஷ் பெயர்ந்தது. நீங்கள் விரலால் தடவிப் பார்க்கிற அந்தக் கீறல் அதுதான். கோச்சி வளைவில் திரும்புகிற வரைக்கும் அக்காவின் கை அந்தப் பலகையில்தான் இருந்தது.

சின்னவளே, நீ பென்சிலை மறுபடி இடது கைக்கு மாற்றிக்கொள். கிட்டாரை நாளைக்குச் சுவரிலிருந்து இறக்கித் தருகிறேன். உன் அண்ணனுடைய கூட்டாளிக்கு அது தலைகீழாகத்தான் இருக்கும். நீ மாட்டிப் பார்.