கறை என்று நினைத்தேன்

போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கும் வேலைக்குப் போகிறேன். காயின் கறை பட்டு எங்கள் விரல்கள் கறுத்தே இருக்கும். குளிரில் என் விரல்கள் வெளுத்து மரத்தும் போகும். போன வருஷம் ஆட்காட்டி விரல் நுனி கறுத்தது. கறை என்று புளி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. வலித்தது. கூட வேலை செய்யும் செல்வி பார்த்துவிட்டு, "யக்கா, இது கறையில்ல. வெரசா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள்.

மதுரையில் டாக்டர் சொன்னார்: "ரத்தக்குழாயச் சுருக்குற நரம்ப வெட்டிவிட்டா மத்த விரல் தப்பும். இந்த நுனி செத்துப்போச்சும்மா, எடுக்கணும்."

"மருந்து போட்டுப் பாருங்களேன் சார்."

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கையை நீட்டினேன். வேறென்ன செய்ய?

நுனி போனது; மற்ற விரல்களில் இப்போது சூடு இருக்கிறது. தினமும் கறை போகக் கழுவி, நகத்தை அமுக்கி, ரத்தம் ஓடிச் சிவப்பு திரும்புகிறதா என்று பார்க்கிறேன். ஜீப்பில் வரும் பெண்களின் கையையும் பிடித்துப் பார்க்கிறேன். "கைரேகையா பாக்குற?" என்று சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டாவது காட்டட்டும்.