முதல் கோடு போடும்வரை இட்லி இல்லை

துர்காஷ்டமியன்று விடியற்காலை தென்காசியில் ரயில் ஏறினேன். செங்கோட்டை தாண்டி மலைக்குகைகளில் புகுந்து, கொல்லம் வழியாகத் திருவனந்தபுரம் வந்து சேரும்போது சாயங்காலம். கையில் தூரிகைப் பெட்டி, சுருட்டிய வெள்ளைத் துணி. இங்கே முகாமிட்டிருக்கும் நாடகக் கம்பெனிக்கு, மேடைக்குப் பின்னால் தொங்கவிடக் கடல் வரைந்த படுதா வேண்டுமாம். மாதிரி பிடித்தால் எனக்கு வேலை; இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

வீதி, அரண்மனை, வனம் என்று எல்லாப் படுதாவிலும், தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார் போட்ட கோட்டின்மேல் வர்ணம் பூசியிருக்கிறேன். முதல் கோடு நான் போட்டதே இல்லை. வெள்ளைத் துணியைக் கண்டாலே சுருட்டி வைத்துவிடுவேன். கடலைப் பார்க்காமல் எப்படி வரைவதென்று ஒரு மாதம் தள்ளிப்போட்டாயிற்று. வீட்டிலும், "மெதுவாப் பண்ணு, என்ன அவசரம்?" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரன், "எங்ஙோட்டாணு சாமி?" என்றான்.

"வலியசாலை."

"நாலு சக்கரம் தரணும்."

முக்கால் மைல்கூட இராது; அதற்கு இந்த ஊர்க் காசு நாலு சக்கரமா! பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறிவிட்டேன்.

அங்கேதான் அத்தை பெண் அத்தங்காளின் வீடு. அவள் கணவர் அத்திம்பேர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அவருடைய பேனாவும் அத்தங்காளின் வீணையும் ஏற்கெனவே சரஸ்வதி பூஜையில் ஏறியிருந்தன.

"உன் தூரிகையையும் குடுடா. தசமி வரைக்கும் தொடப்படாது" என்றாள் அத்தங்காள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன்.

நவமியன்று அத்திம்பேருடன் வண்டி பிடித்துச் சங்குமுகம் கடற்கரைக்குப் போனேன். நாலைந்து மைல். கடல் முதலில் பச்சையாக இருந்தது. மேகம் வந்ததும் சாம்பலாயிற்று. வெயில் சாய்ந்தபோது செம்புப் பாத்திரம் மாதிரி மின்னியது. இதில் எதை வரைவது?

"கண்டாச்சோல்லியோ? போலாமா?" என்றார் அத்திம்பேர்.

வரும்போது எனக்கு ஒரு கடல்தான் தெரியாமலிருந்தது. திரும்பும்போது மூன்று கடல் தெரியவில்லை.

தசமி காலையில் பூஜையில் வைத்ததையெல்லாம் எடுத்ததும், அத்திம்பேர் முதல் எழுத்தாக ஒரு தாளில் ஹரிஸ்ரீ எழுதினார். அத்தங்காள் வீணையில் ஒரு வரிசை வாசித்தாள். நான் துணியை விரித்து, தூரிகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அடுக்களையிலிருந்து இட்லி வாசனை வந்தது.

"எந்தாடா ஆலோசனை? பசி பிராணன் போறது" என்றார் அத்திம்பேர்.

"பூஜையில வெச்சவா எல்லாரும் ஆரம்பிச்சாத்தான் இலை போடுவேன்" என்று அத்தங்காள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

என் கடல் இவர்களைப் பட்டினி போடுகிறதே என்று வெட்கமாகிவிட்டது. கண்ணை மூடாத குறையாக, கைக்கு வந்த நீலத்தைத் தொட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கோணலாக விழுந்தது. அது கடலின் மேல்விளிம்பா, வானத்தின் கீழ்விளிம்பா? எனக்கே தெரியவில்லை. கேட்கத்தான் யார் இருந்தார்கள்? இருவரும் அடுக்களைக்குப் போயாயிற்று.

கோட்டுக்குக் கீழே பச்சை வைத்தேன். சரியில்லை. அதன்மேல் சாம்பலைத் தேய்த்தேன், இன்னும் குழம்பியது.

"இலை போட்டாச்சு, வாடா!"

"இதோ" என்று சொல்லி மறுபடி நீலத்தைத் தொட்டேன்.

அத்தங்காள் மூன்றாம் முறை கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னேன்.