சஹனில் ஓர் இடம்

கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நூர் பீவி முதலில் பார்ப்பது வந்தவரின் மூக்கைத்தான். சிவந்திருக்கிறதா, உறிஞ்சுகிறாரா, கைக்குட்டை கையில் இருக்கிறதா? மூக்கு தேறிவிட்டால் பார்வை கைக்கு இறங்கும். வெளிக் குழாயடியில் சோப்பு இருக்கிறது. விரல் இடுக்கு வரைக்கும் தேய்க்க வேண்டும், பக்கத்தில் நின்று பார்ப்பார். இருமுகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வெளியே நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். "உள்ள வேணாம்ண்ணா. இங்கிருந்தே பேசுங்க, அவரு ஜன்னலாண்ட கீறாரு."

இரும்புலியூரில் இந்த வீட்டுக்குப் பெயரே 'செக்போஸ்ட்' என்று ஆகிவிட்டது. பெயர் வைத்தவர்கள் அந்நியர் இல்லை, சொந்தக்காரர்கள்தான்.

நூர் பீவிக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் மைதீன் பிச்சை படுத்த நாளிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் பைக் சீட் கவர் கடையை இவர்தான் நடத்துகிறார். ரெக்சினை அளக்கும்போது சாக்பீஸை வாயில் கடித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது, அதையும் விட்டாயிற்று. வீட்டில் பச்சை வெங்காயம் கிடையாது, வெளியே நறுக்கி வைத்த பழம் கிடையாது, நேற்றைய சோறு கிடையாது. தண்ணீர் கொதித்து ஆறித்தான் டம்ளருக்கு வரும். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஆப்பிளைத் தோல் சீவி வேகவைத்துவிடுவார். ஆப்பிளை வேகவைத்துத் தின்கிற வீட்டை எங்கேயாவது கண்டதுண்டா என்று கொண்டுவந்தவர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மைதீன் பிச்சையின் இரண்டு கிட்னியும் கைவிட்டன. நூர் பீவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். வந்து சேர்ந்ததை அந்நியம் என்று உடம்பு அடித்து விரட்டப் பார்க்கும். விரட்டாமல் இருக்க, அதன் எதிர்ப்புச் சக்தியை ஆயுசுக்கும் மாத்திரை போட்டு அடக்கி வைக்க வேண்டும். டாக்டர் அரைமணி நேரம் சொன்னதை நூர் பீவி ஒரு மூச்சில் சொல்வார்: "காவக்காரனுக்குத் தூக்க மாத்திர குடுத்துப் படுக்க வச்சிக்கினு கீறோம். கதவ தொறந்து போட்டா எவன் வரமாட்டான்?"

போன வருஷம் வந்தே விட்டது, ஒரு கல்யாண வீட்டில். பெரிய தட்டில் பிரியாணியைக் குவித்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். சஹன் என்பார்கள். ஒரே சஹனில் உண்டால்தான் உறவு, கூப்பிட்டும் உட்காராதவன் பகையாளி. மைதீன் பிச்சை தங்கமான மனுஷன், ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. நோயாளி என்று நாலு பேர் பார்ப்பது வேறு அவருக்கு அவமானம். ஒரு வாய்தானே என்று உட்கார்ந்தார். கூடச் சாப்பிட்ட மூன்று பேரும் பீடா போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவருக்கு மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, குரோம்பேட்டையில் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. தயிர்ப் பச்சடியிலோ தண்ணீரிலோ இருந்திருக்கும் கிருமி. மற்றவர்கள் வயிற்றில் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இவரிடம் மட்டும் புகுந்துகொண்டது. இன்னொரு தடவை வந்தால் கிட்னி தங்காது, ஆள் தங்குவாரா என்பதும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறமும் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? கண் பட்டுவிட்டதாம். அதைவிட மோசம் இன்னொன்று: "எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" இந்தப் பேச்சு காதில் விழுந்தால் நூர் பீவிக்கு உச்சந்தலைக்கு ஏறும். ஏறாதா பின்னே? உங்களுக்கு ஆகாது ஐயா, அதைத்தானே அந்த மனுஷி தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார்! கிட்னி கொடுத்தபோது இவளைப் போல உண்டா என்று மெச்சிய அதே வாய்கள், சோப்பை நீட்டியதும் திமிர் பிடித்தவள் என்கின்றன. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

போன மாதம் மைதீன் பிச்சையின் தங்கை ஷாயிஸ்தா, தன் மகள் தபஸ்ஸுமின் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். தாய்மாமன் வருவார், செய்ய வேண்டியதெல்லாம் செய்வார், சாப்பாடு மட்டும் வீட்டு டப்பாவில் என்று நூர் பீவி கேட்டிலேயே சொல்லிவிட்டார். ஷாயிஸ்தாவும் சரி சரி என்று தலையை ஆட்டினார்.

கூடுவாஞ்சேரி மண்டபத்தில் நிக்காஹ் முடிந்து ஆண்கள் பக்கம் சஹன் வைத்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து திரை இடுக்கு வழியாக நூர் பீவி பார்த்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் மைதீன் பிச்சையின் கையைப் பிடித்து முதல் சஹனுக்கு இழுத்துப் போனார். ஷாயிஸ்தாவின் வீட்டுக்காரர் ஒரு பக்கம், அவருடைய தம்பி ஒரு பக்கம். மைதீன் பிச்சை திரைப்பக்கம் ஒரு தடவை திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போய் அண்ணனை எழுந்து வரச் சொல் என்று நூர் பீவி ஷாயிஸ்தாவிடம் சொன்னார். ஷாயிஸ்தா நகரவில்லை.

"ஒரு நாளு, ஒரு வாய் அண்ணி. மாமன் கை வைக்கலேன்னா சம்பந்தி வூட்ல இன்னா நெனப்பாங்க? நாங்கல்லாம் துன்றோமே, எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

நூர் பீவி திரையை ஒதுக்கிக்கொண்டு ஆண்கள் பந்திக்குள் நடந்தார். அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். முதல் சஹனுக்குப் போய்க் கணவரின் தோளைத் தொட்டார்.

"எந்திரிங்க."

மைதீன் பிச்சை எழுந்தார். முகத்தில் வெட்கம், அதற்கடியில் தப்பித்த நிம்மதி, இரண்டும் தெரிந்தன. மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களோடு ஒரு தட்டில் உட்கார இஷ்டமில்லையா என்று கேட்டார்.

"சஹன்ல ஒரு கொறையும் இல்லண்ணே," என்றார் நூர் பீவி. "அவரு உடம்புக்கு ஆவாது. அவரு எடத்துல நான் உக்காருறேன்."

முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு காலியான இடத்தில் சம்மணம் போட்டார். பக்கத்தில் வைத்திருந்த செம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார். மூன்று ஆண்களின் கைகளும் சோற்றுக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றன. விருந்தாளி பக்கம் நல்ல கறியைத் தள்ளி வைப்பதுதான் சஹனில் மரியாதை. நூர் பீவி பிரியாணிக்குள் விரலை விட்டு, இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து, எலும்பிலிருந்து பிய்த்து, மாப்பிள்ளையின் தகப்பனார் முன்னால் தள்ளி வைத்தார்.